குடத்துக்குள் ஒரு பிரேக்

ஆம்ஸ்டர்டாமில் வாடகைக்குச் சைக்கிள் எடுக்கும் நம்மூர்க்காரர் முதல் சிக்னலிலேயே திணறிப்போவார். நிறுத்த வேண்டும் என்றதும் விரல்கள் தாமாகவே ஹேண்டில்பாருக்குக் கீழே துழாவும். பல வண்டிகளில் அங்கே ஒன்றுமே இருக்காது. கைப்பிடி இல்லை, பிரேக் கம்பி இல்லை, ரிம்மைக் கவ்வும் கட்டை இல்லை. பக்கத்தில் வரும் டச்சுப் பாட்டியோ ஒரு கையில் குடையைப் பிடித்தபடி, பெடலைப் பின்பக்கமாக ஓர் அழுத்து அழுத்திக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிடுவார்.

அந்த பிரேக் இருப்பது பின்சக்கரத்தின் நட்டநடுவில். மாட்டுவண்டிச் சக்கரத்தில் ஆரக்கால்கள் எல்லாம் வந்து சேரும் பகுதியைக் குடம் என்பார்கள். சைக்கிள் கடையில் அதற்கு ஹப் என்று பெயர். பிரேக்கை அந்தக் குடத்துக்குள் அடைத்துவைக்கும் யோசனைக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. நெதர்லாந்து, டென்மார்க், ஜெர்மனி, ஜப்பான் ஆகிய நாடுகளில் வேலைக்கும் பள்ளிக்கும் கடைத்தெருவுக்கும் போகிறவர்களின் சைக்கிள்களில் இன்றும் இது சர்வ சாதாரணம். நமக்குச் சைக்கிள் பிரேக் என்றால் ரிம்மைப் பிடிக்கும் ரப்பர் கட்டைதான். அதனால் ஹப் பிரேக்கைப் பற்றி இங்கே இரண்டு கருத்துகள் உலவுகின்றன. அது சரியாகப் பிடிக்காது என்பது ஒன்று. அதற்குப் பராமரிப்பே தேவையில்லை என்பது மற்றொன்று. இரண்டும் தவறு. இரண்டாவதுதான் ஆபத்தான தவறு.

முதலில் ரிம் பிரேக்கின் குறையைப் பார்ப்போம். மழையில் சைக்கிள் ஓட்டிய யாருக்கும் அதை விளக்கத் தேவையில்லை. பழைய ரோட்ஸ்டர் வண்டியில் லிவரை முழுக்க அழுத்தினாலும் சக்கரம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே போகும். கடைசியில் செருப்புக் காலைத் தரையில் தேய்த்துத்தான் நிறுத்துவோம். குரோம் பூசிய எஃகு ரிம் கண்ணாடி மாதிரி வழவழப்பானது. அதற்கும் ரப்பர் கட்டைக்கும் நடுவில் நீர்ப்படலம் புகுந்துவிட்டால் கட்டை ரிம்மைத் தொடுவதே இல்லை, நீரின் மேல்தான் வழுக்குகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியர் டேவிட் கோர்டன் வில்சனும் அவருடைய மாணவர்களும் 1970களின் தொடக்கத்தில் இதை ஆராய்ந்தார்கள். நனைந்த எஃகு ரிம்மில் சாதாரணக் கட்டையின் பிடிமானம், உலர்ந்த நிலையில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சரிந்துவிடுவது தெரியவந்தது. அலுமினிய ரிம்மில் நிலைமை இவ்வளவு மோசமில்லை. ஆனாலும் சக்கரம் ஓரிரு சுற்றுச் சுற்றி, கட்டை நீரைத் துடைத்த பிறகே பிடி கிடைக்கும். 28 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் 2 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். குறுக்கே குழந்தை ஓடிவரும்போது அந்த 2 மீட்டர் மிகப் பெரிய தூரம்.

தெருவில் உள்ள சேறு, மணல், தண்ணீர் எல்லாவற்றுக்கும் மிக அருகில் சுற்றுவது ரிம். குடமோ தரையிலிருந்து ஏறத்தாழ 35 செ.மீ. உயரத்தில், மூடிய டப்பாவாக இருக்கிறது. மழை பெய்தாலும் பனி கொட்டினாலும் உள்ளே உராயும் பரப்புகளுக்கு அது தெரியாது. சக்கரம் கோட்டமாகிவிட்டால் ரிம் பிரேக் ஒரு பக்கம் உரசும், ஒரு பக்கம் பிடிக்காது. ஹப் பிரேக்குக்குச் சக்கரம் கோட்டமா நேரா என்பதே கவலையில்லை. ரிம்மும் தேயாது. வெயிலில் எப்படிப் பிடித்ததோ அப்படியே மழையிலும் பிடிக்கும் என்ற இந்த நிதானத்தைத்தான் ஹப் பிரேக்கின் முதன்மையான குணமாக நான் மதிக்கிறேன்.

இதற்கு ஒரு விலை உண்டு. கதவைக் கைப்பிடிப் பக்கம் தள்ளாமல் கீல் பக்கம் தள்ளிப் பாருங்கள். எவ்வளவு பலம் போட வேண்டியிருக்கிறது! ஹப் பிரேக் சக்கரத்தைப் பிடிப்பது கீல் பக்கத்தில். ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வினாடியும் வேகம் வினாடிக்கு 3 மீட்டர் குறைய வேண்டுமானால், டயர் தரையைத் தொடும் இடத்தில் 270 நியூட்டன் விசை தேவை. ரிம் பிரேக் சக்கரத்தின் விளிம்பிலேயே பிடிப்பதால் கட்டைகளில் கிட்டத்தட்ட அதே அளவு உராய்வு இருந்தால் போதும். ஹப் பிரேக்கின் ஓர் இனமான டிரம் பிரேக்கில் பரவலான அளவு 70 மி.மீ. விட்டம், அதாவது 35 மி.மீ. ஆரம். சக்கரத்தின் ஆரம் சுமார் 340 மி.மீ. டிரம் அதில் பத்தில் ஒரு பங்குதான் என்பதால், அதன் உட்சுவரில் உராய்வு ஏறத்தாழ பத்து மடங்காக, 2,600 நியூட்டனாக இருக்க வேண்டும். இரண்டு விரல்களால் லிவரை இழுக்கும் ஒருவருக்கு இவ்வளவு பெரிய விசை எங்கிருந்து கிடைக்கும்?

ஸ்கூட்டர், மொபெட் டிரம்மைத் திறந்து பார்த்தவர்களுக்கு விடை தெரிந்திருக்கும். உள்ளே பிறைநிலா வடிவில் இரண்டு ஷூக்கள். ஒரு முனையில் இரண்டும் ஆணியில் மாட்டியிருக்கும். மறுமுனையில் அவற்றுக்கு நடுவே கேம் என்னும் தட்டைத் துண்டு. கம்பி இழுபட்டால் கேம் திரும்பி ஷூக்களை விரிக்கும், அவை டிரம்மின் உட்சுவரில் உரசும். ஒரு பங்கு பெருக்கம் இந்த நெம்புகோல்களால் வருகிறது. இன்னொரு பங்கு சுழற்சியிலிருந்தே வருகிறது. இரண்டில் ஒரு ஷூவைச் சுழலும் டிரம் தன்னோடு இழுத்து, இன்னும் அழுத்தமாகச் சுவரில் பதிய வைக்கும். காற்றில் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க அடியில் செருகும் மரத்துண்டு, கதவு தள்ளத் தள்ள இறுகுவதைப் போலத்தான் இதுவும். வண்டியின் ஓட்டமே வண்டியை நிறுத்த உதவுகிறது. ஆனால் இதே காரணத்தால், ஷூவின் மேலுள்ள லைனிங் என்னும் உராய்வுப் பட்டையின் பிடிமானத்தில் ஏற்படும் சிறு மாற்றமும் பெரிதாகிக் கைக்குத் தெரியும். இரவு முழுக்க ஈரக்காற்றில் நின்ற வண்டியில் காலையில் முதல் பிரேக் வெடுக்கென்று பிடிப்பது இதனால்தான். புறப்பட்டதும் இரண்டு மூன்று முறை மெல்லப் பிடித்து விட்டால் சரியாகிவிடும்.

இந்த டிரம் பிரேக்கைச் சைக்கிளில் நிலைநாட்டியதில் ஸ்டர்மி ஆர்ச்சருக்குப் பெரும் பங்கு உண்டு. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் 1902-இல் மூன்று கியர் ஹப்புடன் தொடங்கிய நிறுவனம் அது. 1930களில் டிரம் பிரேக்குகளைக் கொண்டுவந்தது. 2000-இல் தைவானின் சன்ரேஸ் நிறுவனத்தின் கைக்கு மாறிய பிறகும் 70 மி.மீ., 90 மி.மீ. டிரம்கள் தொடர்ந்து தயாராகின்றன. சுமைவண்டிக்கும் மூன்று சக்கர வண்டிக்கும் 90 மி.மீ. தேவை. தனியாள் அலுவலகம் போய்வர 70 போதும்.

டச்சுப் பாட்டியின் பிரேக் வேறு இனம்: பேக் பெடல் பிரேக். ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் எர்ன்ஸ்ட் சாக்ஸ் 1903-இல் உருவாக்கிய 'டார்பிடோ' ஹப்தான் அந்த இனத்தில் மிகவும் புகழ்பெற்றது. பெடலை முன்னால் மிதித்தால் உள்ளே சிறு உருளைகள் சரிவில் ஏறிக் குடத்தைக் கவ்விச் சக்கரத்தைச் சுற்றும். மிதிப்பதை நிறுத்தினால் அவை தளர்ந்து சக்கரம் தன்போக்கில் ஓடும். பின்னால் மிதித்தால் ஒரு கூம்பு நகர்ந்து உலோக உறையை விரித்துக் குடத்தின் உட்சுவரோடு அழுத்தும். கிரீஸில் ஊறிய உலோகத்தோடு உலோகம் உரசுவதால் பிடிமானம் குறைவுதான். ஆனால் அழுத்துவது விரல் அல்ல, கால். உடல் எடையின் ஒரு பகுதியே பெடல் வழியாக பிரேக்குக்குப் போகிறது. கம்பி இல்லை, அறுந்துபோக ஒன்றுமில்லை. கைகளில் பலமில்லாத முதியவர்களுக்கும் சிறுவர்களுக்கும் இது பொருத்தம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். செயின் கழன்றால் பிரேக்கும் போயிற்று. பெடல்கள் செங்குத்தாக மேலும் கீழுமாக நிற்கும் நொடியில் பின்னால் மிதிக்கப் பலம் கிடைக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, இது பின்சக்கரத்தை மட்டுமே பிடிக்கிறது. பிரேக் போட்டதும் உடல் முன்னால் சாய்வதைப் போல வண்டியின் எடையும் முன்சக்கரத்துக்குப் போய்விடுகிறது. பளு குறைந்த பின்சக்கரம் எவ்வளவு நன்றாகப் பிடித்தாலும் தரையில் இழுபடத் தொடங்கும். நல்ல சாலையிலேயே பின்சக்கரத்தால் மட்டும் கிடைக்கும் வேகக்குறைப்பு புவியீர்ப்பு முடுக்கத்தில் கால்பங்குதான். மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் வருபவர் நிற்க 5 மீட்டர் ஆகும். முன்சக்கரத்திலும் நல்ல பிரேக் இருந்தால் அதே இடத்தில் இரண்டரை மீட்டரில் நிற்கலாம். சைக்கிளுக்கு ஒன்றையொன்று சாராத இரண்டு பிரேக்குகள் வேண்டும் என்று ஜெர்மானியச் சட்டம் சொல்வது நியாயமானது. ஆகவே வண்டியில் பேக் பெடல் பிரேக் மட்டும் இருந்தால் முன்னால் ஒன்றைக் கட்டாயம் மாட்டிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது இனம் ஷிமானோ நிறுவனத்தின் ரோலர் பிரேக். அதிலும் கேம் உண்டு. ஆனால் அது உருளைகளைத் தள்ள, உருளைகள் உலோக ஷூக்களை டிரம்மோடு அழுத்தும். எல்லாமே தனிவகை கிரீஸில் நடக்கிறது. முன்சக்கரத்துக்கான வகைகளில், விசை ஓர் அளவைத் தாண்டினால் சற்று வழுக்கிக் கொடுக்கும் அமைப்பு ஒன்றும் உண்டு. பழக்கமில்லாதவர் பதறிப் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருக்க அது உதவும். லண்டனில் 2010-இல் தொடங்கிய வாடகை சைக்கிள்களுக்கு ரோலர் பிரேக்கைத் தேர்ந்தெடுத்தது புத்திசாலித்தனம். நாள் முழுக்கப் பலர் கைக்கு மாறி, வெட்டவெளியில் நனைந்து நிற்கும் வண்டிக்கு ரப்பர் கட்டை எத்தனை நாள் தாங்கும்?

ஜப்பானில் வீட்டுக்கு வீடு இருக்கும் 'மாமாசாரி' வண்டிகளில் பின்சக்கரத்துக்குப் பட்டை பிரேக் வைப்பதுண்டு. டிரம்மின் வெளிப்புறத்தைச் சுற்றி ஒரு பட்டை இறுகும். மலிவானது, எளிமையானது. ஆனால் வயதாக ஆகத் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கீச்சிடும். எண்ணெய் விட்டால் சத்தம் நிற்கும் என்று விடுகிறவர்கள் உண்டு. சத்தத்தோடு பிரேக்கும் நின்றுவிடும்.

இனி வெப்பம். பிரேக் வேகத்தை அழிப்பதில்லை, அதைச் சூடாக மாற்றுகிறது. சமதளத்தில் இது ஒரு பொருட்டே அல்ல. மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் 90 கிலோ எடையை நிறுத்தும்போது வெளிப்படுவது 1,125 ஜூல். ஒரு டம்ளர் தண்ணீரில் அதைச் செலுத்தினால் ஒன்றரை டிகிரி கூட ஏறாது. மலை இறக்கத்தில்தான் கதை மாறுகிறது. அங்கே இறங்கும் ஒவ்வொரு மீட்டருக்கும் 880 ஜூல் சேர்ந்துகொண்டே போகும். 1976 அக்டோபர் 21 அன்று கலிஃபோர்னியாவின் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகே சில இளைஞர்கள் ஒரு மண்பாதையில் சைக்கிள் பந்தயம் வைத்தார்கள். ஏறத்தாழ மூன்றரை கிலோமீட்டரில் 400 மீட்டர் இறக்கம். வண்டிகள் பழைய தடித்த டயர் சைக்கிள்கள், பிரேக் பின்னால் மிதிக்கும் வகை. 400 மீட்டர் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் மூன்றரை லட்சம் ஜூல். குழாய்த் தண்ணீர் ஒரு லிட்டரைக் கொதிக்க வைக்க அது போதும். காற்றும் மண்ணும் அதில் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டாலும், மீதி கைக்குள் அடங்கும் ஒரு குடத்துக்குள் இறங்கியது. கிரீஸ் புகைந்து ஆவியானது. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஹப்பைப் பிரித்துப் புது கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது. அப்படி மறுபடி அடைப்பதற்கான ஆங்கிலச் சொல்லே அந்தப் பந்தயத்துக்குப் பெயரானது: ரீபேக். மலைச் சைக்கிள் என்ற இனம் அங்கேதான் வளர்ந்தது. பேக் பெடல் பிரேக்கைக் கழற்றி எறிந்ததும் அதன் வளர்ச்சியில் ஒரு படி.

டிரம் பிரேக்குக்கும் இதே சோதனைதான், காரணம் மட்டும் வேறு. சூட்டில் லைனிங்கின் பிடிமானம் குறையும். கூடவே டிரம்மும் விரியும். 90 மி.மீ. எஃகு டிரம் 150 டிகிரி சூடேறினால் விட்டம் 0.16 மி.மீ. கூடும். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் நெம்புகோல்கள் அதைப் பல மடங்காக்குவதால் லிவர் கைப்பிடியைத் தொடும் அளவுக்கு உள்ளே வந்துவிடும். ஆகவே குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு, ஏறத்தாழ 1,500 மீட்டர் இறக்கத்தில், சிறிய ஹப் பிரேக்கை மட்டும் நம்பி இறங்குவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். மலைக்குப் பெரிய டிஸ்க் பிரேக்தான் சரி.

பராமரிப்பில் முதலில் தெரிந்திருக்க வேண்டியது, ஒரு ஹப் பிரேக்குக்கு மருந்தாக இருப்பது இன்னொன்றுக்கு நஞ்சு என்பது. டிரம் பிரேக் வறண்டிருக்க வேண்டும். பேக் பெடல் பிரேக்கும் ரோலர் பிரேக்கும் கிரீஸில் ஊறியிருக்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரி இரும்பு டப்பாதான். கைதேர்ந்த மெக்கானிக்கும் இதில் குழம்பிவிடலாம். டிரம்மில் பேரிங்குக்குப் போடும் கிரீஸைக் கூடுதலாக அடைத்தால் அது கசிந்து லைனிங்கில் ஏறும். ஊறிய லைனிங்கைத் துடைத்தோ வெயிலில் காயவைத்தோ முழுதாகக் காப்பாற்ற முடியாது. மாற்றுவதே நல்லது. எண்ணெய் படாமல் மேற்பரப்பு மட்டும் பளபளப்பாகிவிட்டிருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போதும். மிகப் பழைய டிரம்மைத் திறப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. அந்தக் காலத்து லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. தூசியை வாயால் ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, துணியையும் பையில் கட்டி எறிந்துவிடுங்கள்.

ரோலர் பிரேக் கரகரவென்று சத்தம் போட்டாலோ திடீர் திடீரென்று பிடித்தாலோ உள்ளே கிரீஸ் வற்றிவிட்டது என்று பொருள். அதன் உடலில் ரப்பர் மூடி போட்ட ஒரு துளை இருக்கும். மூடியை எடுத்து, அந்த பிரேக்குக்கென்றே விற்கும் கிரீஸைச் செலுத்திச் சக்கரத்தைச் சுற்றிவிட வேண்டும். பேரிங் கிரீஸ் அந்தச் சூட்டையும் அழுத்தத்தையும் தாங்காது. பேக் பெடல் ஹப்பை ஓவராயில் செய்யும்போதும் வெப்பம் தாங்கும் கிரீஸே வேண்டும்.

புது டிரம் பிரேக் வாங்கிய முதல் வாரத்தில் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஷூவின் வளைவும் டிரம்மின் வளைவும் இன்னும் ஒன்றோடொன்று பொருந்தியிருக்காது. லைனிங்கின் ஒரு சிறு பகுதிதான் உரசும். சில நூறு கிலோமீட்டர் ஓடித் தேய்ந்த பிறகு பிடி கூடும். அதன் பிறகும் பிடிக்கவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஹப்பை அல்ல, கம்பியை. துருப்பிடித்த கம்பி, நசுங்கிய உறை, தேவையில்லாத வளைவு ஆகிய ஒவ்வொன்றும் விரலின் பலத்தைத் திருடும். லிவரும் பொருந்த வேண்டும். வி-பிரேக் என்னும் ரிம் பிரேக் வகைக்கான லிவர் கம்பியை அதிக நீளம் இழுக்கும், ஆனால் குறைந்த பலத்தோடு. அதை டிரம்முக்கோ ரோலருக்கோ மாட்டிவிட்டு பிரேக் சரியில்லை என்று சொல்வதில் அர்த்தமில்லை.

ஷூ தேயத் தேய லிவர் உள்ளே போகும். கம்பியின் முனையிலுள்ள திருகு உறையைத் திருப்பி, சக்கரம் லேசாக உரசும் வரை இறுக்கி, உரசல் நிற்கும் அளவுக்குத் தளர்த்தினால் சரியாகிவிடும். ஆனால் இப்படி இறுக்கிக்கொண்டே போவதற்கு ஓர் எல்லை உண்டு. பிரேக் பிடித்த நிலையில் கேமின் கைக்கும் கம்பிக்கும் நடுவிலுள்ள கோணத்தைப் பாருங்கள். செங்கோணத்தைத் தாண்டிவிட்டால் லைனிங் முடிந்துகொண்டிருக்கிறது. அதற்கு மேல் கம்பியைக் குறுக்காமல் டிரம்மைத் திறக்க வேண்டும். முழங்கால் அளவு வெள்ளத்தில் வண்டியைத் தள்ளி வந்திருந்தாலும் திறந்து பார்ப்பது நல்லது. மழையைத் தாங்கும் குடம் முழுகுவதைத் தாங்காது.

பின்சக்கரத்தைக் கழற்ற வேண்டுமானால் கம்பி, பிரேக்கைச் சட்டத்தோடு பிணைக்கும் பட்டை, செயின் எல்லாவற்றையும் விடுவிக்க வேண்டும். அதனால் டச்சு மெக்கானிக்குகள் சக்கரத்தைக் கழற்றாமலே டியூபை ஒரு பக்கமாக உருவி வெளியே எடுத்து பஞ்சர் ஒட்டுகிறார்கள். நம் தெருமுனை பஞ்சர் கடையில் காலங்காலமாக நடப்பதும் அதுதான்.

மொத்தத்தில் சமதளமான, மழை பெய்யும் ஊரில் தினமும் ஏழெட்டு கிலோமீட்டர் போய்வருகிறவருக்கு முன்னும் பின்னும் ஹப் பிரேக் உள்ள வண்டியே மிகச் சிறந்தது என்பது என் தீர்ப்பு. எடை சற்றுக் கூடும், விலையும் கூடும். பதிலுக்குக் கட்டை மாற்றும் வேலையும், ரிம் தேய்ந்து சக்கரத்தையே மாற்றும் செலவும் இல்லை. சென்னை, யாழ்ப்பாணம் போன்ற சமதள ஊர்களுக்கு இது நன்றாகப் பொருந்தும்.

கடைசியாக, உயிர் தொடர்பான ஒரு விஷயம். பிரேக் சக்கரத்தைப் பிடிக்கும்போது அதே பலத்தோடு சக்கரமும் பிரேக்கைத் திருப்பப் பார்க்கும். நம் 270 நியூட்டன் கணக்கில் அந்தத் திருப்புவிசை 92 நியூட்டன் மீட்டர். பிரேக்கைச் சுழலவிடாமல் நிறுத்திவைப்பது குடத்திலிருந்து ஃபோர்க்குக்கோ பின்சட்டத்துக்கோ போகும் ஒரு சிறு இரும்புப் பட்டை. அதைப் பிடித்திருப்பது ஒரே ஒரு நட்டும் போல்ட்டும். டயர் மாற்றியவர் அதைத் திரும்ப மாட்ட மறந்தால், முதல் முறை அழுத்திப் பிடிக்கும்போதே அச்சு முறுக்கிக்கொள்ளும், கம்பி பிய்ந்துவிடும். முன்சக்கரமாக இருந்தால் ஆளையே தூக்கி எறியும். உங்கள் வண்டியில் ஹப் பிரேக் இருந்தால் இன்றே குனிந்து அந்த நட்டை ஸ்பேனரால் திருகிப் பாருங்கள். சக்கரத்தைக் கழற்றி மாட்டிய ஒவ்வொரு முறையும், வண்டியைக் கடையிலிருந்து எடுக்கும் முன்பே பாருங்கள்.